ஈட்டி நிற்கும் நிலத்துக்காரர்களுக்கு ஒரு மடல்

ஆனைகட்டி, தூமனூர், சேம்புக்கரை, கொண்டனூர், ஜம்புகண்டி ஊர்ப் பெரியவர்களே. கொடுங்கரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளத்து அட்டப்பாடியில் கோட்டத்துறை, சோலையூர், அகளி, புதூர் வரை நிலம் வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,



உங்கள் நிலத்தில் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், நின்றால், என்றைக்காவது ஒருவர் அதைத் தேடி வருவார். மரத்தை அண்ணாந்து பார்ப்பார். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துச் சுற்றளவை மனசுக்குள் கணக்குப் போடுவார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் படிப்பையும் ஒழுகுகிற கூரையையும் விசாரிப்பார். முன்பணம் என்று கொஞ்சம் நோட்டை எடுத்து வைப்பார். கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு. "பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க எங்கயும் அலைய வேண்டாம்" என்பார். அந்தத் தாளுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மரவேலை செய்து பிழைப்பவன். ஈட்டியைப் பழைய கட்டிலாகவும் நிலைக்கதவாகவும் இழைத்திருக்கிறேன். நின்ற மரமாகவும் பார்த்திருக்கிறேன். இந்த எல்லைப் பகுதியில் மரத்தின் விலையை அறிந்தவர்கள் பலர். அதை அடையாளம் காணவும், அது யாருக்குச் சொந்தம் என்று சொல்லவும் தெரிந்தவர்கள் குறைவு. தரகர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். ஆகையால் இரண்டையும் எனக்குத் தெரிந்த அளவுக்கு எழுதிவிடுகிறேன். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வயநாட்டில் முட்டில் என்று ஓர் ஊர். அங்கே நடந்ததை நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதுமாகக் கேளுங்கள். 2020 அக்டோபர் 24 அன்று கேரள வருவாய்த் துறை ஓர் உத்தரவு போட்டது. பட்டய நிலத்தில் விவசாயி நட்டு வளர்த்ததும் தானாக முளைத்து வளர்ந்ததுமான மரங்களை, சந்தனம் தவிர, அவரே வெட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வெட்டுவதைத் தடுக்கும் அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற வாசகமும் அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2021 பிப்ரவரி 2 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட சில மாதங்களுக்குள் முட்டில் தெற்கு கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் சாய்ந்துவிட்டன. அதில் ஒரு பகுதி எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர் மர மில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் வனத்துறை அதைப் பறிமுதல் செய்தது. முட்டிலோடு இது நிற்கவில்லை. இடுக்கி உட்படப் பல மாவட்டங்களில் இதே உத்தரவைக் காட்டி மரம் வெட்டினார்கள்.

அந்த மரங்கள் நின்றது யாருடைய நிலம் என்று பாருங்கள். உங்களைப் போன்ற சிறு நிலக்காரர்களின் நிலம். அவர்களில் பழங்குடிக் குடும்பங்களும் உண்டு. "அரசாங்கமே வெட்டச் சொல்லிவிட்டது, அனுமதி எல்லாம் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். மரம் வெட்ட அனுமதி கேட்டு நிலக்காரர்களின் பேரில் வில்லேஜ் ஆபீசுக்குப் போன விண்ணப்பங்களைத் தடயவியல் சோதனைக்கு அனுப்பியபோது, அவற்றில் இருந்த கையெழுத்துகள் அவர்கள் போட்டவையே அல்ல என்று தெரியவந்தது. மரத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் அவர்கள் கைக்கு வந்த பணம் சொற்பம். ஆனால் வருவாய்த் துறை அபராத நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியபோது அந்த நிலக்காரர்களின் வாசலுக்கும் அது வந்தது. ஏமாற்றப்பட்டவர் பேரும் ஏமாற்றியவர் பேரும் அரசுக் கோப்பில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மரம் வெட்டியவர்கள்மேல் வந்த வழக்கில் அவர்கள் தரப்பு சொன்ன வாதம், இந்த மரங்கள் பட்டயம் கிடைத்த பிறகு வளர்ந்தவை, உத்தரவு இவற்றுக்குப் பொருந்தும் என்பது. திருச்சூர் பக்கம் பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரிகள் போயின. பறிமுதல் செய்த தடிகளின் மரபணுவையும் நிலத்தில் மிச்சமிருந்த அடிக்கட்டைகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, எந்தத் தடி எந்தத் தூரில் இருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள். வயதையும் கணித்தார்கள். அதில் 500 ஆண்டைத் தாண்டிய மரங்களும் இருந்தன. கேரளத்தில் பட்டயம் கொடுக்கும் விதிகள் வந்ததே 1964-இல். விஜயநகரப் பேரரசு இருந்த காலத்தில் முளைத்த மரத்தை, பட்டயம் வாங்கிய பிறகு வளர்ந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். வெட்டிய மரத்தை எத்தனை கைமாற்றினாலும் அது நின்ற இடத்தை இனிக் கண்டுபிடித்துவிட முடியும். அந்த இடம் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

இனி, மரம் யாருடையது என்ற விஷயம். இதில்தான் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கணக்கு வேறு.

கேரளத்துப் பட்டயத்தில் நிலத்தைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி ஆகிய 'ராஜமரங்களை' அரசு தனக்கென்று வைத்துக்கொண்டது. திருவிதாங்கூர் ராஜா காலத்து வழக்கம், பேரும் அப்படியே தொடர்கிறது. பட்டயம் வாங்கிய நிலமா, பழைய ஜன்ம நிலமா, 1971 சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொண்ட தனியார் காடா, வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலமா என்பதைப் பொறுத்து விதி மாறும். அட்டப்பாடியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தோட்டங்களுக்கு இரண்டு விதி இருக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டினாரே என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. வன உரிமைச் சட்டத்தைப் பற்றி இன்னொன்று. 2006-இல் வந்த அந்தச் சட்டம் தேன், நெல்லிக்காய், கடுக்காய், மூங்கில் முதலிய சிறு வன விளைபொருள்களில் உங்களுக்கு உரிமை தருகிறது. வெட்டுமரம் அதில் அடங்காது. "காடே உங்களுதாச்சே, மரம் மட்டும் யாருது?" என்று வந்து இனிக்க இனிக்கப் பேசுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் அரசுத் தாளில் ஈட்டிக்குத் தோதகத்தி என்று பேர். நூக்கு என்றும் சொல்கிறார்கள். தாளில் எந்தப் பேர் இருந்தாலும் மரம் ஒன்றே. பேர் புரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் வெட்டக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் தோதகத்தி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. அதற்கு 15 ஆண்டுக் கெடு வைத்தார்கள். 2010-இல் மேலும் 15 ஆண்டு நீட்டினார்கள். அந்தக் கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. "சட்டமே காலாவதி ஆயிருச்சு, இனி யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். மலைப்பகுதி என்று அறிவித்த இடங்களில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக நிற்கிறது. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்ற 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் தனியாக நிற்கின்றன. மாங்கரைச் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திக் கேட்பது அந்த விதிப்படி வாங்க வேண்டிய பாஸைத்தான். கேரளத்திலும் 1975 முதல் இதே மாதிரிப் பாஸ் விதி இருக்கிறது. ஒரு மாநிலத்துப் பாஸ் கையில் இருந்தாலும் மரம் எந்த நிலத்தில் இருந்து, யார் அனுமதியோடு வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

ஒருமுறை என் பட்டறைக்கு ஒருவர் வந்தார். செல்போனில் ஒரு மரத்தின் படத்தைக் காட்டினார். அடிமரம் மட்டும் தெரிந்தது, இலை தெரியவில்லை. எத்தனை கன அடி தேறும் என்று கேட்டார். மரம் எங்கே நிற்கிறது என்று நான் கேட்டதும் பேச்சை மாற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை வாகைன்னு எழுதிக்கலாமா ஆசாரி?" என்றார். அந்த ஒரு கேள்வியில் அவருடைய தொழில் எனக்கு விளங்கிவிட்டது. வெட்டி, பட்டை உரித்து, வெளிறிய ஓரத்தைச் செதுக்கிவிட்டால் ஈட்டியும் வாகையும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். கருப்புக் கோடு இரண்டிலும் ஓடும். ஈட்டிக்கு வாகை என்று தாள் எழுதுவதும், கடையில் வாகைக்கு ஈட்டி விலை வாங்குவதும் இந்த ஒற்றுமையை நம்பி நடக்கும் வேலை. இலங்கையில் கருவாகைக்கு 'சிலோன் ரோஸ்வுட்' என்றே வெள்ளைக்காரன் பேர் வைத்துவிட்டுப் போனான். குழப்பம் பழையது.

எனவே மரம் நிற்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலை இருக்கும். அவை எதிரெதிரே நிற்காமல் இடம் மாறி மாறி ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் அகலமாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். நுனி கூராக இருக்காது. மழுங்கி, நடுவில் நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். அடிப்பக்கம் வெளிறிய பச்சை. வாகை என்றால் காம்பு கிளைத்துக் கிளைத்துச் சின்னச் சின்ன இலையாக நிறைய இருக்கும், புளிய இலையைப் பார்த்துப் பழகியவர்கள் பார்த்தவுடன் வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம். வடநாட்டில் இருந்து சாலையோரம் கொண்டுவந்து நட்ட சிசு மரத்துக்கு இலை அகலம்தான், ஆனால் நுனி கூர்மையாக வாலை நீட்டிக்கொண்டிருக்கும்.

வேங்கைதான் கொஞ்சம் ஏமாற்றும். அதற்கும் ஐந்து முதல் ஏழு சிற்றிலை, அதற்கும் நுனியில் பள்ளம். அங்கே காயைப் பாருங்கள். வேங்கைக் காய் வட்டமாக, சுற்றிலும் இறக்கையோடு இருக்கும். ஈட்டிக் காய் தட்டையான நீளப் பட்டை, மெல்லியது, பழுப்பு நிறம். உள்ளே ஒன்று முதல் மூன்று விதை. விதை இருக்கும் இடம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். பூவிலும் வேறுபாடு உண்டு: வேங்கைக்கு மஞ்சள், ஈட்டிக்கு வெள்ளை. வேங்கைப் பட்டையில் கீறல் பட்டால் ரத்தம் போலச் சிவப்புப் பால் வடியும். உங்களில் பலர் அதை மருந்துக்கு எடுப்பவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈட்டியில் அப்படி வடியாது. அதற்காக நிற்கிற மரத்தைக் கொத்திப் பார்க்காதீர்கள், உதிர்ந்து கிடக்கும் காயே போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வளரும் இன்னொரு ஈட்டியும் உண்டு. தாவர நூலில் டால்பெர்ஜியா சிசாய்டஸ் என்பார்கள். நம் ஈட்டி டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. ஈரம் மிகுந்த மலைகளில் இரண்டும் நிற்கும். மரக்கடையில் இரண்டையும் ஈட்டி என்றே விற்பார்கள். பிரித்துச் சொல்ல இலையையும் காயையும் ஒத்துப் பார்க்கும் நிபுணர் வேண்டும். உங்களுக்கு அந்த வேறுபாடு அவசியம் இல்லை, இரண்டும் காக்கப்பட வேண்டிய மரம்தான்.

அறுத்த மரமாக இருந்தால் என் போன்றவர்கள் பார்க்கும் முறை வேறு. வெளி ஓரம் மங்கிய மஞ்சள் கலந்த வெள்ளை. உள்ளே வைரம் பொன் பழுப்பில் தொடங்கி ஊதா கலந்த கரும்பழுப்பு வரை போகும், அதற்குள் கருங்கோடுகள். இழைப்புளியை ஓட்டியவுடன் மெல்லிய ரோஜா வாசனை வரும். பழைய கட்டிலைச் சீவினால்கூட ஒரு கணம் அது எழும்பி அடங்கும். தூள் கையில் ஊதாச் சாயலாக ஒட்டும். வாகைத் தூளில் இந்த மணம் வராது. அதற்குப் பதில் தும்மல் வரும், வாகை அறுத்த மில்லில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஒரே அளவுத் துண்டுகளைக் கையில் தூக்கினால் ஈட்டி கனத்துத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் இருந்தால், தடியின் வெட்டுமுகத்தைக் கூரான பிளேடால் ஒரு சீவு சீவிவிட்டுப் பாருங்கள். துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். அவற்றை இணைத்துக்கொண்டு வெளிறிய அலைக்கோடுகள் போகும். பலகையின் தட்டையான முகத்தில் குறுக்கே நுண்ணிய வரிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே சீராக இருக்கும். அந்த வரிகளை மெருகுப் பூச்சால் போலி செய்ய முடியாது. கடைகளில் 'ரோஸ்வுட் கலர்' என்று சாயம் பூசிய மேஜைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது. அதே வளாகத்தில் வெள்ளைக்காரன் காலத்தில், 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கிறது. மரத்துண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனைகட்டியில் இருந்து கோவைக்கு ஒரே பஸ். பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மரத்தை ஏன் இப்படித் துரத்துகிறார்கள்? நம் ஊர்க் கட்டிலுக்காக மட்டும் இல்லை. கிட்டார் செய்யும் கம்பெனிகள் முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தின. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். பிரேசில் மரம் 1992-இல் உலக வணிகத்திலேயே தடைசெய்யப்பட்ட பட்டியலுக்குப் போனது. சீனாவில் ஹொங்மு என்ற சிவப்பு மரத் தளவாடங்களுக்குப் பெரிய சந்தை. எந்த மரம் ஹொங்மு என்று அவர்கள் 2000-இல் போட்ட தரப் பட்டியலில் 33 இனங்கள் இருந்தன, அதில் நம் ஈட்டியும் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2005 முதல் 2014 வரை உலகெங்கும் பிடிபட்ட காட்டுயிர்க் கடத்தல் பொருள்களின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ரோஸ்வுட் வகை மரங்களுக்கு உரியது. யானைத் தந்தத்துக்கு அதற்கு அடுத்த இடம்தான். ஆனைகட்டி மலையில் நிற்கும் ஒற்றை மரம் இந்தப் பணச் சுழலின் ஓரத்தில் நிற்கிறது.

இதைக் கட்டுப்படுத்தத்தான் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம். இந்தியா அதில் 1976 முதல் இருக்கிறது. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடியபோது டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள், 2017 ஜனவரி 2 முதல் நடைமுறை. இரண்டாம் இணைப்பு என்றால் முழுத் தடை கிடையாது. ஆனால் எல்லை கடக்க அனுமதித் தாள் வேண்டும். சட்டப்படி கிடைத்த மரம், எடுத்ததால் இனத்துக்குக் கேடு இல்லை என்று நாடு சான்று கொடுக்க வேண்டும். முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்தார்கள். ஒரு சரக்கில் பத்துக் கிலோவுக்கு மேற்படாத, செய்து முடித்த பொருள்களுக்கும் விலக்கு உண்டு. உருட்டுத் தடியாக ஏற்றுமதி செய்ய இந்தியச் சட்டமே இடம் தருவதில்லை. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சைட்டிஸ் பட்டியலும் சேர்ந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

உங்களுக்குச் சம்பந்தப்பட்டது இதில் ஒன்றுதான். "எக்ஸ்போர்ட் ஆர்டர் இருக்கு, அதனாலதான் இவ்வளவு விலை தர்றேன்" என்று யாராவது சொன்னால், அந்த வழி முழுக்கத் தாளால் அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் தாளோடு போகிறவர் என்றால் முதலில் உங்களை ரேஞ்சர் ஆபீசுக்குக் கூட்டிப் போவார். ராத்திரியில் ரம்பம் கொண்டுவர மாட்டார்.

சட்டத்தில் எனக்குக் குறை ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நூறு வருஷம் மரத்தைக் காத்த குடும்பத்துக்கு அந்த மரத்தால் ஒரு பைசா வராது, ஆனால் அது திருடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே என்றால், யார் ஈட்டிக் கன்றை வளரவிடுவார்கள்? காப்பித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் ஈட்டிக் கன்று தலைகாட்டியவுடன் பிடுங்கி எறிகிறார்கள். பெரிதானால் அரசாங்கம் வந்து நிற்கும் என்ற பயம். காக்கப் போட்ட சட்டம் கன்றைக் கொல்கிறது. சந்தனத்துக்கு இந்தப் பிரச்சினையைக் கர்நாடகம் 2001-இல் ஓரளவு தீர்த்தது, நிலக்காரரே சந்தன மரத்தின் சொந்தக்காரர் என்று சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் பட்டா நிலச் சந்தனத்துக்கு 2008-இல் விதி வந்தது. வனத்துறை மூலம் விற்று நிலக்காரருக்குப் பங்கு கிடைக்கும். ஈட்டிக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். இனிமேல் நடுகிற மரத்தைப் பதிவு செய்தால் அது நட்டவருடையது, காட்டில் பிறந்த பழைய மரத்தைக் காப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை, இவ்வளவு போதும். இதை இரண்டு அரசுகளிடமும் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். கேட்கும்போது கூடவே நிற்க நாங்கள், தச்சர்கள், தயார். எங்களுக்கும் நாளைக்கு மரம் வேண்டும். மைசூரில் ஈட்டியில் தந்தநிற வேலைப்பாடு இழைக்கும் கைவினைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மரம் போனால் குறியீடு எதற்கு?

அட்டப்பாடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தாளில் கைநாட்டு வைத்ததன் விலை என்ன என்று. 1951-இல் அட்டப்பாடி மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இப்போது பாதிக்கும் கீழே. நிலம் கைமாறியது துப்பாக்கி முனையில் இல்லை, பெரும்பாலும் இந்த மாதிரித் தாள்களில்தான். பறிபோன நிலத்தை மீட்க 1975-இல் கேரளம் சட்டம் போட்டும், இன்றுவரை அலைகிறவர்கள் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மரத்துக்கும் அந்தக் கதை வர விடாதீர்கள்.

செய்யக்கூடிய வேலை பெரிதாக இல்லை. உங்கள் நிலத்து ஈட்டியைத் தரையில் இருந்து நாலரை அடி உயரத்தில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். இலை, காய், மரம் நிற்கும் இடம் தெரியும்படி படம் எடுங்கள். சர்வே எண்ணோடு ஒரு தாளில் எழுதி வில்லேஜ் ஆபீசிலோ வி.ஏ.ஓ.விடமோ, வனத்துறை ரேஞ்ச் ஆபீசிலோ கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரம் நிற்கிறது என்று நீங்களே முதலில் எழுதிக் கொடுத்திருந்தால், பின்னால் யாராவது வெட்டினாலும் உங்கள்மேல் பழி போடுவது சுலபமில்லை. காற்றில் சாய்ந்துவிட்டால் அதைத் துண்டு போடாதீர்கள், இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள். தகவல் கொடுத்து மகஜர் எழுத வையுங்கள். சாய்ந்த மரத்தின் தூரைத் தோண்டி வேரை எடுக்க வருவார்கள், வேர்க்கட்டைக்கும் விலை இருக்கிறது. அதை மட்டும் விடவே விடாதீர்கள். ஈட்டி வேரில் இருந்து கன்று விடும் மரம். விதையில் முளைத்த கன்றுகளை ஆடு மாடு மேய்ந்துவிடும், தீ எரித்துவிடும். வேர்க்கன்றுதான் தப்பிப் பிழைக்கிறது. தூரைத் தோண்டினால் அந்த இடத்தில் ஈட்டியின் கதை முடிந்துவிடும். அப்படியே விட்டு, சுற்றி நான்கு முள் வெட்டிப் போட்டால் இரண்டு மழைக்குள் கன்று எழும்பிவிடும்.

அடுத்த கிராம சபைக்கு இந்த மடலை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனைகட்டிப் பக்கத்தில் தமிழிலும் அட்டப்பாடியில் மலையாளத்திலும், ஊரில் எத்தனை ஈட்டி நிற்கிறது என்று கணக்கெடுக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மரம் தெரியாமல் சந்தேகப்படுகிறவர்கள் உதிர்ந்த இலையும் காயும் கொண்டு பட்டறைக்கு வரலாம். பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டேன். யாராவது தாளோடு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர்களை வைத்துச் சேர்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஆசாரி ஒருவன்,
ஆனைகட்டி